மூன்றாம் நம்பர் கொட்டடி

கொத்தனார் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் எழுந்து போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். போகும்போது "ஆச்சி, தூசி அடிக்கும், வெளிய போய் இரிங்க" என்று அக்கறையாக வேறு சொன்னார். நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டது அவர்தான், ஆனால் போடச் சொன்னது வேறு யாரோ, அந்த யாரோவுக்குச் சொன்னது இன்னும் யாரோ, இப்படியே கேட்டுக்கொண்டு போனால் கடைசியில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். இந்தக் கருங்கோட்டை ஊரில் எந்தக் காரியமும் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் கேட்பதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வட்டம் சரியாக என் பிடரிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஓட்டை போடவேண்டுமானால் முதலில் என் மண்டையில் போடவேண்டும். பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு, புது இலையும் தூளும் வாங்கிக்கொண்டு, தினமும் போகிற வழிதான். வேலை நடப்பதால் பழைய ஜெயில் வாசல் திறந்தே கிடக்கிறது, நானும் தினமும் ஒரு எட்டு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவேன். இன்றைக்கு வந்தபோது கொத்தனார் மூன்றாம் நம்பர் கொட்டடிக்குள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன கொத்தனாரே இது?" என்றேன். "கக்கூஸுக்குக் குழாய் போகணும்லா ஆச்சி. ஜெயில் பாக்க வாறவங்களுக்கு ஒதுங்க எடம் வேணும்லா. பின்னாலதான் சாக்கடை ஓடுது, இந்த ரூம்தான் தோது" என்றார். தோது. எனக்குக் காதுக்குள் கொய்யென்றது. இந்த ரூமில்தான் என் தம்பி பலவேசம் செத்தான். அடித்துக் கொன்றார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இருந்தாலும் அந்த வார்த்தையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. காலம் ஆக ஆக 'கொன்றார்கள்' என்பது 'இறந்துபோனான்' ஆகி, 'காலமாகிவிட்டான்' ஆகி, கடைசியில் 'அந்தச் சம்பவம்' ஆகிவிடும், மற்றவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் வாயில் ஆகாது. மடியில் இலைக்கட்டு இருக்கிறது, ஈரச்சாக்கில் சுற்றியது, தொடையெல்லாம் நனைந்து சில்லென்று இருக்கிறது. இருக்கட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தக் கட்டடம் இன்றைக்கு நிற்பதற்கு நானும் ஒரு காரணம். சிரிப்பாக வருகிறது. புது ஜெயில் கட்டி ஆட்களை அங்கே கொண்டுபோனபிறகு இது சும்மா கிடந்தது, வேலியோரத்தில் போலீஸ் பிடித்துவைத்த மணல் லாரிகள் துருவேறிக்கொண்டு கிடந்தன, உள்ளே ஆடு படுத்தது. இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறோம் என்றார்கள். அப்போது கோமதிநாயகம் சார் கிளம்பினார். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைக்காரன் காலத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து அது சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்த்துக் கட்டியது என்று சந்தோஷப்படுகிற மனுஷர். முதல் நம்பர் கொட்டடியில் கள்ளுக்கடை மறியல் செய்த தியாகிகளை வைத்திருந்தார்கள், இதை இடிக்கிறது மகாபாவம் என்று தெருத்தெருவாகப் பேசினார். ஊரில் ஒரு கழுதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பீடிக்கடைப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் அவர் பின்னால் நின்றேன். தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே கோஷம் போட்டோம், கோஷம் போட்டால் கூலி யார் தருவார்கள். ஊர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. "ஏட்டி முப்பிடாதி, ஒனக்குக் கிறுக்கா? இந்தச் சவத்த மண்ணள்ளித் தூத்த வேண்டியவளே நீதானட்டி, நீ போயி இடிக்காதன்னுட்டு நிக்கியே?" என்று என் சொந்த மதினியே கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் புரியாது என்பதில்லை, சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிடும் என்று பயம். இப்போது சொல்கிறேன், சுவருக்குத்தானே சொல்கிறேன். இடித்துவிட்டால் நான் எதைக் கையை நீட்டிக் காட்டுவேன்? பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போதும் வரும்போதும் இந்தச் சுவரைப் பார்த்து மனசுக்குள் காறித் துப்புவேன், அது என் தினக்கூலி, ஒருநாளும் தவறவிட்டதில்லை. இந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டால் செல்போன் விற்கிற பிள்ளையைப் பார்த்தா துப்புவது? அதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்தது? குற்றம் நடந்த இடம் நிற்கவேண்டும். அம்மா இதே கணக்கை வேறு மாதிரி போட்டாள், சாகிறவரைக்கும் இந்தத் தெருப்பக்கமே வரவில்லை, கிணற்றுத்தெருவைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போனாள். அவள் அவ்வளவுதான். நான் இவ்வளவு. கடைசியில் அரசாங்கத்திலிருந்து பணம் வந்தது, பாரம்பரியக் கட்டடம் என்று போர்டு வந்தது, சார் எனக்குச் சால்வை போட்டார், நானும் போட்டுக்கொண்டேன். பாதுகாக்கப் போகிறார்களாம். முதல் நம்பரில் தியாகிகள் படம், இரண்டாம் நம்பரில் விலங்கும் சங்கிலியும், சூப்பிரண்டு ரூமில் அவர் நாற்காலியும் மேசையும் தொப்பியும் கண்ணாடிப் பெட்டிக்குள். மூன்றாம் நம்பரைப் பற்றி அன்றைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை, சும்மா விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சும்மா விட்டிருந்தாலே போதும்.

கொத்தனார் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோமதிநாயகம் சாருக்குத்தான் என்று தெரியும். செருப்புச் சத்தத்திலேயே அவர் வருவது தெரிகிறது, இடது காலை லேசாக இழுத்து நடப்பார். உள்ளே வரவில்லை, கம்பிக்கதவுக்கு வெளியே நிற்கிறார். வேட்டியில் தூசி படுமென்று பயமா, இந்த ரூமுக்குள் வரவே பயமா. "முப்பிடாதி, என்ன இது சின்னப்புள்ள மாதிரி?" என்றார். "சின்னப்புள்ளன்னா அடிச்சு எழுப்பலாம் சார், எழுப்புங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, பாவமாக இருந்தது, ஆனால் பாவம் பார்த்தால் எழுந்துவிடுவேன். "வெளங்காமப் பேசாத. கக்கூஸ் இல்லன்னா அடுத்த பணம் வராது. பணம் வரலன்னா மழைக்குக் கூரை இறங்கிரும். நாம எத்தன வருசம் அலைஞ்சோம், ஒனக்குத் தெரியாதா?" "தெரியும் சார். ஒங்களுக்குச் செருப்புத் தேஞ்சுது, எனக்குக் காலு தேஞ்சுது." "ஒரு ரூம் போனா என்ன, மிச்சமெல்லாம் நிக்கும்லா." "எனக்கு அந்த ஒரு ரூம்லதான் சார் சோலி." அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார், பாடம் நடத்துகிறவர்கள் முக்கியமான இடத்தில் தாழ்த்துவார்களே அப்படி. "நான் சொல்லுததக் கோவிச்சுக்கிடாம கேளு. இது தியாகிகள் இருந்த எடம். நாலு ஊருப் புள்ளைய வந்து பாக்கும். அதுல ஒந்தம்பி வெவகாரத்தையும் எப்படிம்மா வைக்க? அவன் என்ன கேஸ்ல வந்தான், நீயே சொல்லு." சொன்னேன். "சைக்கிள் கேஸ்ல வந்தான் சார். எதுக்கு மெதுவாப் பேசுதிய? வாடகை சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தான், நாட்டாமை வீட்டு சைக்கிளக் காணும்னு தூக்கிட்டுப் போனாங்க. சத்தமாவே சொல்லுங்க. ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆளா சார்? எந்த ஊரு வெல இது?" அவர் கம்பியை விட்டார். "இன்ஜினியரம்மாவ வரச் சொல்லியிருக்கேன்" என்றுவிட்டு முற்றத்துப் பக்கம் போய்விட்டார். அந்த சைக்கிள் பிறகு கிடைத்தது. நாட்டாமை மருமகனே அடகு வைத்திருந்தான். இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்வதில்லை, சாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் உடனே 'ஐயோ பாவம், ஒன்றும் அறியாத பையன்' என்று உச்சுக்கொட்டுவார்கள். அப்படியானால் எடுத்தவனைக் கொல்லலாம் என்று அர்த்தம். உச்சுக்கொட்டலை எனக்கு யாரும் பிச்சை போடவேண்டாம். எடுத்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டாமை வீட்டில் உள்ள சைக்கிள் பூராவையும் அவன்தான் எடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனைக் கொல்லலாமா?

விரல் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, இலையும் தூளும் இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கிறது, கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உருட்டி உருட்டி. அன்றைக்கும் இந்த விரல்தான். சோற்றை உருட்டின விரல். இதை நினைக்கவேண்டாம் என்று பார்க்கிறேன், இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு எதை நினைக்காமல் இருக்க முடியும். வீட்டுச் சோறு கொண்டுவரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கொண்டுவருகிறவர் வாசலில் வார்டர் கண்முன்னால் ஒரு வாய் தின்று காட்டவேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு கைதிக்கு அவன் வீட்டு ஆட்களே சோற்றில் விஷம் வைத்துக் கொடுத்துவிட்டார்களாம், அதிலிருந்து இந்த ஜெயிலுக்கு இப்படி ஒரு வழக்கம். ருசி பார்க்கிறது என்று பேர். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் நான், எதிரே டீக்கடையில் ஆம்பளைகள் அத்தனை பேரும் பார்க்க, படியில் நின்றுகொண்டு தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாய் அள்ளித் தின்னவேண்டும். குழம்பு முழங்கை வரைக்கும் வழியும். வார்டர் பொன்னையா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார், "முழுங்கிட்டியா தாயி, வாயத் தொற" என்பார். திறப்பேன். டீக்கடையில் யாரோ சிரிப்பார்கள். தம்பிக்குச் சோறு போகவேண்டுமே என்று திறப்பேன். அவனைக் கண்ணால் பார்க்கவிடமாட்டார்கள், உள்ளேயிருந்து "எக்கா" என்று ஒரு சத்தம் மட்டும் வரும், சட்டி காலியாகித் திரும்பி வரும், அதுதான் அவன் இருக்கிறான் என்பதற்கு அடையாளம். சட்டியில் ஒரு பருக்கைகூட மிச்சம் இருக்காது, கழுவாமல் வரும், விரலால் வழித்த தடம் தெரியும். அது அவன் விரல். அதைக் கழுவ மனசு வராமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. படியேறிச் சட்டியைத் திறக்கப் போனேன். பொன்னையா என் முகத்தைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு ருசி பாக்காண்டாம் தாயி, வச்சிட்டுப் போ" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். நாம் மானமரியாதையான வீட்டு ஆட்கள் என்று தெரிந்துகொண்டார்கள், எங்கக்காவை இப்படி நடுத்தெருவில் நிற்கவைக்காதீர்கள் என்று பலவேசம் சொல்லியிருப்பான், ஒருவேளை ஜாமீனே வந்துவிட்டதோ என்னவோ. "நல்லாயிருப்பிய அண்ணாச்சி" என்றேன். வாயாரச் சொன்னேன். கையில் மீன்வாடை இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியது அன்று ஒருநாள்தான், வளையல் கடையில் நின்று விலைகூடக் கேட்டேன். மத்தியானம் ஆள் வந்தது. விடியற்காலமே முடிந்துவிட்டது, வாந்திபேதி என்றார்கள். செத்தவன் சோற்றுக்கு எதற்கு ருசி பார்க்கவேண்டும்? பொன்னையாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சட்டியை வாங்கி உள்ளே வைத்திருக்கிறார். மறுநாள் சட்டி வந்தது, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று. அதுவரை கழுவி வந்ததே கிடையாது. அந்தச் சோற்றை யார் தின்றது? இத்தனை வருஷமாக நான் கேட்கிற கேள்வி இதுதான். யார் அடித்தது, எதால் அடித்தது, யார் பார்த்தது என்பதெல்லாம் வக்கீல் கேட்டார், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை, சரி. ஆனால் என் தம்பி செத்துக் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தின்றுவிட்டுச் சட்டியையும் கழுவி வைத்தது யார்? பொன்னையா பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். நல்லாத்தான் இருந்தார். நான் வாழ்த்தி அதுவரை யாருக்கும் பலித்ததில்லை, அது ஒன்றுதான் பலித்தது. அந்த வாழ்த்தை நான் திரும்பக் கேட்கிறேன். அதைச் சொன்னதற்காக ஒரு காலத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இப்போது இல்லை. நல்லது நினைத்து நாலு வார்த்தை சொன்னது என் தப்பா? அந்த வாழ்த்துக்குத் தகுந்த ஆளாக அவர் இல்லை, அவ்வளவுதான்.

ஒண்ணுக்கு முட்டுகிறது. கொஞ்ச நேரமாகவே முட்டுகிறது, சொல்ல வெட்கம். கக்கூஸ் கட்டக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிற இடத்தில் இந்த அவஸ்தை வந்து நிற்கிறதே, பலவேசம் இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் எதற்கும் சிரிப்பான், சாவு வீட்டில் சிரித்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். முட்டியும் வலிக்கிறது, இடுப்பும் மரத்துவிட்டது, எழுந்து ஒரு எட்டு வெளியே போய்விட்டு வந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு குரல் நைசாகக் கேட்கிறது. போனால் வந்து பார்க்கும்போது சுவரில் ஓட்டை இருக்கும். அடக்கிக்கொள்கிறேன். வெயில் சாய்ந்து மேல் ஜன்னல் வழியாகக் கம்பி நிழல் எதிர்ச் சுவரில் விழுகிறது. இந்தச் சுவரை அவனும் பார்த்திருப்பான், இதை இதுவரை நினைக்கவே இல்லையே. இத்தனை வருஷம் வெளியே நின்று பார்த்திருக்கிறேன், உள்ளே இருந்து பார்த்ததில்லை. தினமும் வந்தேன் என்று பெருமை, வாசலோடு பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறேன், தரையில் உட்கார்வது இன்றைக்குத்தான். எந்த மூலையில் தலை வைத்துப் படுத்திருப்பான்? நெட்டை ஆள், குறுக்கே படுத்தால் கால் இடிக்கும், கோணலாகத்தான் படுத்திருக்கவேண்டும். அந்த மூலையா. இல்லை நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த இடமா. முதுகு திடீரென்று குளிர்ந்துவிட்டது, சுவரிலிருந்து கொஞ்சம் விலகிவிட்டேன். பயம்தான், வேறென்ன. இந்தச் சுவருக்குச் சத்தம் கேட்டிருக்கும், அவன் கடைசியில் யாரைக் கூப்பிட்டான் என்று தெரிந்திருக்கும். எக்கா என்றானா. தெரியவேண்டாம். ஐயோ, தெரியவே வேண்டாம். ஒரு நிமிஷம் எழுந்து ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. பிறகு எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அவனால் இந்த ரூமைவிட்டு எழுந்து ஓட முடிந்ததா? ஒண்ணுக்கு வந்தால் கேட்டிருப்பான், கதவைத் திறந்திருக்கமாட்டார்கள். வாந்திபேதி என்று எழுதினார்கள். அதற்குத் தகுந்தாற்போல் அதே இடத்தில் கக்கூஸ் கட்டுகிறார்கள். ஒரு பொய்யை இத்தனை வருஷம் கழித்தும் கைவிடாமல் காப்பாற்றுகிற ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முதுகைத் திரும்பவும் சுவரோடு நன்றாக ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

இன்ஜினியரம்மா வந்துவிட்டாள். பெனாசிர் என்று பேர், சின்னப் பெண்தான், ஸ்கூட்டியை முற்றம்வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அவள் கம்பிக்கதவுக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்து என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள், சுடிதார் நுனி தூசியில் கிடந்தது. "அம்மா, சார் எல்லாம் சொன்னாங்க. எனக்கு இது தெரியாதும்மா, சத்தியமா. டிராயிங் போடும்போது இது ஸ்டோர் ரூம்னுதான் சொன்னாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை, கேட்டால் அந்த யாரோ யாரோ கதைதான். "இப்ப தெரிஞ்சுட்டுல்லா. மாத்திரு" என்றேன். "மாத்தணும்னா மேல எழுதணும்மா. சாக்கடை இந்தப் பக்கந்தான் இருக்கு. வேற எடம் கெடையாது." "ஏன் கெடையாது? சூப்பிரண்டு ரூம் இருக்கே. அதுக்குப் பின்னாலயும் அதே சாக்கடைதான் ஓடுது, நாத்தமே அடிக்கும். அங்க வைங்க." வெளியே நின்ற கோமதிநாயகம் சார் பதறிவிட்டார். "ஏ என்னது? அது அந்தக் காலத்து ஆபீஸ் ரூம்! தேக்கு மேசை, தரையில பூவேல, அதப்போயி..." "அதத்தான் சார் சொல்லுதேன். எந்தம்பி வாந்திபேதியில செத்தான்னு அந்தத் தேக்கு மேசையில வச்சுத்தான் கையெழுத்துப் போட்டாவ. கையெழுத்துப் போட்ட எடம் கண்காட்சி, உசுரு போன எடம் கக்கூஸா? நல்லாயிருக்கு ஒங்க பாதுகாப்பு." சாருக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்குக் கோபம் வந்தால் நல்ல தமிழ் வந்துவிடும், "வரலாறு என்றால் உனக்கு என்ன தெரியும்?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். "எனக்கு இந்த ஒரு ரூம் வரலாறுதான் சார் தெரியும். தியாகிமாருக்கு வீட்டுல இருந்து சோறு வந்துதான்னுகூட எனக்குத் தெரியாது. வந்திருந்தா அவிய வீட்டுப் பொம்பளையும் படியில நின்னு வாயத் தொறந்து காமிச்சிருப்பா. அவ பேரு எந்தப் போர்டுல இருக்கு?" பெனாசிர் என்னையே பார்த்தாள். என்ன சோறு, என்ன வாய் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், ருசி பார்ப்பதையும், வேண்டாமென்று சொன்ன அந்த ஒரு நாளையும். சாரும் கேட்டுக்கொண்டு நின்றார், அவருக்கும் புதுசுதான். ஒருத்தரும் உச்சுக்கொட்டவில்லை, அந்தமட்டும் எனக்குத் திருப்தி.

சாயங்காலம் ஆகிவிட்டது, சாமான்களைக் கட்டி வைத்துவிட்டுக் கொத்தனார் நிற்கிறார். இங்கே ராத்திரி திருடர்கள் வந்து கம்பியையும் தேக்குச் சட்டத்தையும் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்பதால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு கொட்டடியையும் பூட்டவேண்டும் என்று உத்தரவு. பெனாசிர் கையில் பூட்டு, பழைய காலத்துப் பெரிய பூட்டு. "அம்மா, இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு உக்காந்து பேசுவோம்" என்றாள். "நான் போனா நாளைக்குப் பேசுததுக்குச் சுவரு இருக்காது. நீ பூட்டிட்டுப் போ தாயி. எனக்கு ஒண்ணும் இல்ல." நிஜமாகவே சொன்னேன். வாய் அப்படிச் சொன்னாலும் இருட்டில் இந்தச் சுவரோடு தனியாகக் கிடப்பதை நினைத்தால் பயமாக இருந்தது, ஒண்ணுக்கு வேறு முட்டியது, இருந்தாலும் எழுந்திருக்கிற எண்ணம் மட்டும் வரவில்லை. எங்கேயோ தொலைந்துபோய்விட்டது அந்த எண்ணம். கோமதிநாயகம் சார் அலுத்துப்போய்விட்டார், வயசு அவருக்கும் ஆகிறதே. "பூட்டுங்கம்மா. அரைமணி நேரத்துல தானா கூப்பாடு போடுவா, கொத்தனாரு தொறந்துவிடட்டும்" என்றார். பெனாசிர் எழுந்தாள். கதவைச் சாத்தினாள், கீல் நீளமாகக் கத்தியது. நான் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். பூட்டைக் கொண்டியில் மாட்டுகிற சத்தம் கேட்டது, சாவி உள்ளே போகிற சத்தம் கேட்டது, அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கம்பிக்கு அந்தப்பக்கம் அவள் சாவியைப் பிடித்தபடியே நின்றாள். "திருகும்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தாள். "என்ன யோசன? கொண்டாங்க, நான் பூட்டுதேன்" என்று சார் கையை நீட்டினார். அவள் பூட்டைக் கொண்டியிலிருந்து கழற்றி, சாவியோடு தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "உள்ள ஆள் இருக்காங்க சார்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு கொத்தனாரைத் திரும்பிப் பார்த்து, "இந்தச் சுவருல கை வைக்காண்டாம்ணே, நான் மேல பேசிக்கிடுதேன்" என்றாள். சார் நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அன்றைக்கு இந்தக் கட்டடத்துக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், வார்டர், ஏட்டு, சூப்பிரண்டு, சமையல்காரர், கணக்கெழுதுகிறவர். உள்ள ஆள் இருக்காங்க சார் என்று அதில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தால், இந்நேரம் பலவேசத்துக்குத் தலை நரைத்திருக்கும்.